பெட்டி நின்ற இடம்

செம்மண் சாக்ஸைக் கழற்றி வாஷிங் மெஷின் மேல் வீசும் என் மகராசிக்கு,

வாரக்கணக்கில் விமானமேறிப் போய்த் தங்கிச் செய்யும் அந்தப் பில்பாரா சுரங்க வேலையை விட்டுவிட்டதாக நீ போனில் சொன்னதும் சுத்தியலைத் தூக்கிவிட்டேன். இத்தனை வருடம் உன்னைத் திருத்தப் பார்த்துத் தோற்றாயிற்று. இனி வீட்டைத் திருத்துவதுதான் சுலபம்.

சாக்ஸுக்கு மெஷின் மேலேயே ஒரு கூடை வைத்திருக்கிறேன். சாவியை ரொட்டி டப்பா மேல் எறிவாயே, அங்கே ஒரு கிண்ணம். நீ நின்றுகொண்டே டீ குடிக்கும் ஜன்னலோரம், கோப்பை வைக்க ஒரு பலகையும் அடித்தாயிற்று.

பக்கத்து வீட்டு கிளெனிஸ் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, ராணியா வரப்போறாங்க? காலையிலேருந்து டொக்கு டொக்குன்னு உயிரை வாங்குறே!"

"ராணியேதான்! வந்ததும் உங்க கேக்கைக் கேப்பாங்க, போய்ச் சுடுங்க" என்றேன்.

நம் மகள்தான் மடக்கினாள். "அப்பா, அம்மாவோட பெட்டிக்கு மட்டும் இடமே பண்ணலியே?"

நீ வீட்டில் இருக்கும் வாரத்திலும் பாதி அடுக்கியபடி வாசற்கதவோரம் நிற்குமே, அந்தப் பெட்டி. அங்கே நாம் மூவரும் உட்கார்ந்து பூட்ஸ் கழற்ற ஒரு பெஞ்ச் போட்டுவிட்டேன். ஸ்க்ரூ போட்டுத் தரையோடு முடுக்கியிருக்கிறேன். முடிந்தால் நகர்த்திப் பார்.

உன் வீட்டுக்காரன்