நேயர் விருப்பத்தில் என் பெயர்

அடியே, போன வெள்ளிக்கிழமை உன் மகள் வந்திருந்தாள். உன் காரியம் முடிந்த கையோடு, மஞ்சள் பையில் எதையோ சுற்றி எடுத்துவந்து என் வீட்டு வாசலில் உட்கார்ந்தாள். "அம்மா இத உங்க கையிலதான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாங்க பெரிம்மா. வேற யார் கேட்டாலும் தரக் கூடாதாம்" என்றாள். பிரித்துப் பார்த்தேன். உன் டிரான்சிஸ்டர். தோல் உறை வெடித்திருந்தது. பின்பக்க மூடியைக் கழற்றியதும் செல் கசிந்து துருவேறிய நெடி மூக்கில் ஏறியது. அந்த நெடிக்குள் ஏரிச் சேற்றின் வாசமும் இருந்ததாக எனக்குப் பட்டது. இத்தனை வருஷம் கழித்துமா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

அவள் தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரம் பார்த்து நான் என்ன செய்தேன் தெரியுமா? செல் போடும் குழிக்குள் விரலை விட்டுத் துழாவினேன். உறையின் தையலைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு துண்டுச் சீட்டாவது வைத்திருப்பாய் என்று சந்தேகம். காரணமில்லாமல் ஒன்றைக் கொடுத்தனுப்புகிற ஆள் இல்லை நீ. ஒன்றும் கிடைக்கவில்லை.

என் புத்தி உனக்குத் தெரியாததா? மீன் வாங்க வருகிறவன் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று பார்ப்பேன். சிரிக்காவிட்டால் அதைவிட மோசம். "இறால் கையில மாட்டினாக்கூட, நீ ஏன் மாட்டினேன்னு அதக் கேட்டுட்டுதாண்டி பறியில போடுவ" என்று நீ சொல்லுவாய். கேட்கத்தான் செய்வேன். நல்ல இறால் எதற்கு அவ்வளவு சுலபமாக மாட்டுகிறது?

இடுப்பளவுத் தண்ணீரில் நாம் ஏழெட்டுப் பேர் வரிசையாக நிற்போம். பனையோலையில் பின்னிய பறிக்கூடையின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டுத் தடவிக்கொண்டே நகர வேண்டும். இறால் தட்டுப்பட்டால் அப்படியே எடுத்துப் பறியில் போட வேண்டும். வாயைத் திறந்தால் பறி விழுந்துவிடும். அதனால் நம் வேலையில் பேச்சே கிடையாது. ஏழெட்டுப் பெண்கள் காலையிலிருந்து பேசாமல் இருப்பது என்றால் அது எவ்வளவு பெரிய தண்டனை!

அந்தத் தண்டனையிலிருந்து மீட்டவள் நீதான். துறைமுகத்தில் வேலை பார்த்த உன் அண்ணன் வாங்கி வந்த டிரான்சிஸ்டரை ஓர் அலுமினிய தேக்சாவில் வைத்து, தேக்சாவைக் கயிற்றால் உன் இடுப்பில் கட்டித் தண்ணீரில் மிதக்க விட்டாய். நீ நகர்ந்தால் அதுவும் நகரும். தேக்சாவுக்குள்ளிருந்து வருகிற குரலுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு கனம் இருக்கும். செய்தி, விவசாயிகளுக்கு உரம் பற்றிய பேச்சு, கச்சேரி, எது வந்தாலும் கேட்போம். நாடகம் வரும் நாளில் யாரும் வேலைக்கு மட்டம் போட மாட்டார்கள். நாடகத்து மாமியார் மருமகளைத் திட்டும்போது ஏழெட்டுப் பேரும் பறியைக் கவ்வியபடி "ம்ம்ம்!" என்று ஒரே குரலில் உறுமுவோம். பக்கத்தில் நிற்கிற கொக்கு எழுந்து பறக்கும்.

அதிலும் எனக்குச் சந்தேகம்தான். பணக்காரன் வீட்டுக் கதவும் குடிசைக் கதவும் ஒரே மாதிரிக் கிறீச்சிடுவதை நான் கண்டுபிடித்தேன். "எல்லா நாடகத்துக்கும் ஒரே கதவுதாண்டி வெச்சிகீறாங்க" என்று கரைக்கு வந்ததும் சொன்னேன். நீ சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டாய்.

பாட்டு விஷயத்தில் மட்டும் நான் எதையும் தோண்டிப் பார்த்ததில்லை. எனக்கென்று ஒரு பாட்டு இருந்தது. ஒரு பெண் தனியாக மாவரைத்துக்கொண்டே பாடுகிற பாட்டு. அது வந்தால் சேற்றுக் கையை மேலே தூக்குவேன். நீ தேக்சாவுக்குள் கையை விட்டுச் சத்தத்தைக் கூட்டுவாய். அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கும் என்று நான் யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. அவருக்கு ரேடியோ என்றாலே எரிச்சல்.

அவர் நெல்லூர்ப் பக்கம் படகு வேலைக்குப் போய் அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு சேதி இல்லை. மூன்று வருஷம் சேதி இல்லாதவன் செத்தவன் கணக்கு, பெண்டாட்டி வேறு இடத்தில் வாழப் போகலாம் என்பது நம் குப்பத்து வழக்கம். என் அண்ணன் நாளை எண்ணிக்கொண்டே இருந்தார். காட்டுப்பள்ளியில் சொந்தப் படகு வைத்திருக்கிற, பெண்டாட்டியை இழந்த ஒருவரைப் பேசி முடித்துவிட்டு வந்து, "இன்னும் இன்னாத்துக்குக் குந்திகினு கீற? வர்ற அமாவாசைக்குப் பஞ்சாயத்து. தாலியைக் கழட்டி அம்மன் காலடியில வெச்சிட்டுக் கெளம்பு" என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு அந்த மனிதர் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் போக மனமில்லை. மறுநாள் தண்ணீரில் நின்றபோது என்னை அறியாமல் கண்ணீர் வழிந்தது. இரண்டு கையும் சேற்றில் இருந்தன, துடைக்க வழியில்லை. நீ பார்த்தாய். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாய்.

பஞ்சாயத்துக்கு நான்கு நாள் இருந்தபோது நேயர் விருப்பத்தில் அது வந்தது. அறிவிப்பாளர் வழக்கம்போல ஊரையும் பெயர்களையும் படித்துக்கொண்டு வந்தார். "சூளூர்ப்பேட்டையிலிருந்து" என்று தொடங்கி, நான் ஒருநாளும் வாயால் சொல்லாத என் புருஷன் பெயரை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். "தன் துணைவியார் பழவேற்காடு தேசம்மாவுக்காக விரும்பிக் கேட்டிருக்கிறார்" என்றார். நான் வாயைத் திறந்துவிட்டேன். பறி விழுந்தது. காலையிலிருந்து பிடித்த இறால் அத்தனையும் என் காலைச் சுற்றித் துள்ளிக்கொண்டு போயின. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீ மட்டும் தேக்சாவுக்குள் குனிந்துகொண்டிருந்தாய்.

அமாவாசையன்று அம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தேன். "அவரு உசுரோட கீறாரு. என் காதால கேட்டேன்." தண்ணீரில் நின்றவர்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். அண்ணன் குதித்தார். ஊர்ப் பெரியவர்தான் அடக்கினார். "ரேடியோ பொட்டியில வந்துச்சின்னா பொய்யா இருக்குமாப்பா? டில்லி சேதி சொல்றதும் அதே பொட்டிதானே?" காட்டுப்பள்ளிக்காரர் எழுந்து, எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, வந்த படகிலேயே திரும்பிப் போனார்.

இரண்டு வருஷம் கழித்து அதே காட்டுப்பள்ளிக்காரரை நீ கட்டிக்கொண்டாய்.

ஊரே மூக்கில் விரலை வைத்தது. நீயும் புருஷனை இழந்து தாய் வீட்டுக்குத் திரும்பியவள்தான், உனக்கும் ஒரு வாழ்க்கை வேண்டும்தான். ஆனால் எனக்கென்று பேசிய ஆளையா? நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்துப் பார்த்தேன். நம்மில் எழுதத் தெரிந்தவள் நீ ஒருத்திதான், பொன்னேரி போய் எட்டாவது வரை படித்தவள். நேயர் விருப்பத்துக்குக் கார்டு எழுதியவன் எந்த ஊர் போட்டானோ அந்த ஊரைத்தான் ரேடியோவில் படிப்பார்கள், சூளூர்ப்பேட்டை என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். நான் தண்ணீரில் நின்று அழுததற்கு மறுநாள் நீ வேலைக்கு வரவில்லை, தலைவலி என்றாய். அன்றைக்குத்தான் என் சித்தி மகள் உன்னை டச்சுக் கல்லறை மதில் ஓரமாகத் தபாலாபீஸ் பக்கம் போகப் பார்த்திருக்கிறாள். தலைவலிக்குத் தபாலாபீஸில் மருந்தா கொடுக்கிறார்கள்? இதையெல்லாம் நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். இறாலையே சந்தேகப்படுகிறவள் என்று யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைத்தெருவில் ஒருநாள் நேருக்கு நேர் வந்தாய். கையில் குழந்தை. "இன்னா தேசம்மா, எம்மேல இன்னா கோவம்?"

"கோவம் இல்ல. சந்தேகம்."

"கேட்டுட வேண்டியதுதான?"

"கேக்கமாட்டேன்."

நீ கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாய். பிறகு குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு போய்விட்டாய்.

அதற்கடுத்த வருஷம் நெல்லூர்ப் பக்கமிருந்து திரும்பிய ஓர் ஆள் சேதி கொண்டுவந்தான். என் வீட்டுக்காரர் போன முதல் வருஷமே படகு கவிழ்ந்து போய்விட்டாராம். உடம்பு கிடைத்து, அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். நான் அழுதேன். அது பொய் அழுகை இல்லை, நீ நம்ப வேண்டும். என் அழுகை ஓய்வதற்குள் ஊர் விழித்துக்கொண்டது. செத்தவன் எப்படிக் கார்டு போட்டான்? உன்னை வரச் சொல்லி ஆள் போனது. நீ வந்தாய், தனியாக, தலையில் முக்காடுகூட இல்லாமல். பெரியவர் கேட்டார். "ஆமா, நான்தான் போட்டேன்" என்றாய். ஏன் என்று கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லை. அந்தப் பதில் அவர்களுக்குத் தேவையாகவும் இல்லை. எடுத்த எடுப்பில் ஒருத்தி "குடிகெடுத்தவளே, அவ ஆம்பளைய நீ புடிச்சிக்கவா இந்த வேலை பண்ண?" என்று கத்தினாள். அன்றைக்கு ஒட்டிய பெயர் கடைசிவரை உன்னை விடவில்லை. உன் தாய் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் உன்னைக் கூப்பிடக் கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு போட்டார்கள். உன் அம்மாவின் சாவுக்குக்கூட நீ கரையில் படகை விட்டு இறங்காமல் பார்த்துவிட்டுப் போனாய். நான் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்புறம் நான் நாற்பது வயதில் முதியோர் பள்ளிக்குப் போய் எழுத்துக் கற்றேன். இனிமேல் எவளும் என் பெயரில் கார்டு எழுதிவிடக் கூடாது என்றுதான் படிக்கிறேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். நம்பினார்கள். சந்தேகக்காரி என்று பெயர் எடுத்துவிட்டால் அதில் ஒரு வசதி, எதைச் சொன்னாலும் பொருந்திப் போகும்.

இப்போது அந்த எழுத்தில்தான் இதை எழுதுகிறேன். அறிவிப்பாளர் அவர் பெயரைச் சொன்ன அந்த ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர்தான் என்று நம்பினேன். அதனால்தான் வாயைத் திறந்தேன். அடுத்த கணம் பாட்டு தொடங்கியது. என் பாட்டு. அவருக்குத் தெரியாத, யாருக்கும் நான் சொல்லாத பாட்டு. கையைத் தூக்கி நான் கேட்டதை அறிந்தவள், எழுதவும் தெரிந்தவள், தேக்சாவுக்குள் குனிந்துகொண்டு நிமிராமல் நிற்பதைப் பார்த்தேன். இறால் எல்லாம் ஓடி முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டேதான் கற்பூரம் அணைத்தேன்.

நீ எனக்காகப் போட்ட பொய் அது. உன் கல்யாணம் அதற்கு இரண்டு வருஷத்துக்குப் பிந்தியது, அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிறகு ஏன் பேசவில்லை என்று கேட்டால், பயம். எனக்கும் தெரியும் என்று சொன்னால் அம்மன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவள் ஆவேன். அண்ணன் மறுவாரமே எவன் வீட்டுக்காவது என்னை அனுப்பியிருப்பார். உன்னோடு சிரித்துப் பேசினாலே நாம் இருவரும் சேர்ந்து செய்தது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நான் ஏமாந்தவளாக இருந்தால்தான், பாவம் என்று விட்டுவைப்பார்கள், நான் தப்பிக்க முடியும். அதற்கு நீ ஏமாற்றியவளாக இருக்க வேண்டியிருந்தது. நான் நினைத்தபடி என் வீட்டில், என் இஷ்டத்துக்கு வாழ்ந்து முடித்துவிட்டேன். நீதான் அதற்கு விலை கொடுத்தாய்.

வெள்ளிக்கிழமை உன் மகள் படகுக்குக் கிளம்பி நின்றாள். "நைனா தனியா இருப்பாரு, போறேன் பெரிம்மா" என்றவள், தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அம்மா நிஜமாவே உங்களுக்குத் துரோகம் பண்ணாங்களா?"

"இல்லடி கண்ணு. எனக்காகப் பண்ணா. எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன். கேட்க நீ இல்லை.

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "உங்களுக்குத் தெரியும்னு அம்மாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டிருக்கிறேன். உன்னை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. சந்தேகப்பட்டதாக நடித்தேன். கடைத்தெருவில் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தாயே, அதில் நடிப்பைப் பார்த்தாயா, நிஜம் என்று நம்பிக்கொண்டே செத்துப்போனாயா?