மேலுறையை அளந்தவன்

மார்ச் 4

கூரியர் கம்பெனி வண்டி ஒன்று இன்று சிக்னலில் நின்றுபோனது. சீட்டுக்கு அடியில் புகை. பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிள் உருகிவிட்டது. மாட்டியவன் எதிர்க்கடைக்காரன், அதாவது என் மனைவியின் தம்பி. என் வண்டி வயரிங் கடையில் வேலை பார்த்துவிட்டு எனக்கு எதிரிலேயே கடை போட்ட மகராசன்.

சந்தோஷமா என்று கேட்டால் — ஆமாம்.

மார்ச் 5

உருகிய துண்டைக் கம்பெனி மேனேஜர் என் மேஜையில் போட்டார். சாமான் பெட்டி வைப்பதற்காகப் பேட்டரியை இடம் மாற்றியிருக்கிறார்கள். பழைய கேபிள் எட்டாது; மச்சினன் நீளமாகப் புதிது போட்டிருக்கிறான். தூரம் கூடினால் செம்பும் கூட வேண்டாமா? பதினாறு ஸ்கொயர், அதாவது குறுக்குவெட்டில் பதினாறு சதுர மில்லி செம்பு, போட வேண்டிய இடம் அது. பார்வைக்குச் சுண்டுவிரல் தண்டி இருக்கிறது. பிளேடால் கீறினேன். எல்லாம் ரப்பர். நடுவில் தீக்குச்சித் தண்டிக்குச் செம்பு. ஆறு ஸ்கொயர்கூடத் தேறாது.

மார்ச் 6

எதை நம்பி இதை வாங்கினாய் என்று அவன் கடைக்கே போய்க் கேட்டேன். டிராயரிலிருந்து தண்டி அளக்கிற வெர்னியர் இடுக்கியை எடுத்தான். துடைத்தான். கேபிளைக் கவ்விப் பிடித்து என்னிடம் நீட்டினான்.

"அளந்துதான் வாங்கினேன் மாமா. உங்க பதினாறு ஸ்கொயரும் பத்து மில்லி, இதுவும் பத்து மில்லி."

மேலுறையோடு சேர்த்து அளந்திருக்கிறான்! சட்டையை அளந்து ஆள் எடை சொல்கிற கூட்டம். இனி இவன் பெயர் வெர்னியர்.

மார்ச் 7

தம்பி கடையில் நான் போய்க் கேட்டது மனைவி காதுக்கு எட்டிவிட்டது. தட்டு மட்டும் வந்தது.

மார்ச் 8

இதே கேபிள் முப்பது வண்டியில் இருக்கிறதாம். மொத்தமும் மாற்றித் தராவிட்டால் வெர்னியர் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். மறுபடி சரக்கெடுக்கக் கையில் முதல் இல்லை. மூடட்டுமே என்றேன். மனைவி பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அவன் மடையன்னு எனக்கே தெரியும். அந்த வண்டியில உக்காந்து போறவனுமா உங்களுக்கு எதிர்க்கடை?"

சோற்றைப் பாதியில் விட்டுக் கை கழுவினேன்.

மார்ச் 10

மேனேஜர் மறுபடி வந்தார். வெர்னியரைக் கழற்றிவிடலாம், முழு வேலையும் எனக்கே என்றார். வாயில் தண்ணீர் ஊறியது, பொய் சொல்வானேன். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"எட்டு ஸ்கொயர் போட்டு முடிச்சிடுங்க. வெளிய பார்க்கத் தண்டியா இருந்தா போதும், ஹெட் ஆபீஸ்ல யாரு கீறிப் பார்க்கப் போறான்?"

சீ. வெர்னியருக்குத் தெரியவில்லை, இந்த ஆள் தெரிந்தே ஏமாற்றச் சொல்கிறார். கழுத்தில் டை வேறு. மச்சினன் மேல் இருந்த வெறுப்பில் பாதியை அங்கேயே இவருக்கு மாற்றிவிட்டேன். புகைந்தது தெரிந்தும் வண்டிகளை ஓடவிட்டது யார் என்று இன்சூரன்ஸ்காரன் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். உருகிய துண்டு என்னிடம்தான் இருக்கிறது என்பதையும் சொன்னேன். மனிதருக்கு வியர்த்துவிட்டது. எல்லா வண்டியையும் இன்றே நிறுத்திவைப்பதாக ஒப்புக்கொண்டார்.

மார்ச் 12

மேனேஜர், வெர்னியர், நான் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடித்தோம். முப்பது வண்டிக்கும் பதினாறு ஸ்கொயர், சுத்தச் செம்பு. கேபிளுக்கு என் அடக்க விலையைக் கம்பெனி தரும். மாட்டுவது வெர்னியர்; கூலி கிடையாது. இனி அவன் கடைக்குக் கேபிள் என்னிடமிருந்து மட்டும். முனையை வெட்டி, செம்பைக் காட்டித்தான் விற்க வேண்டும். அதில் வரும் லாபம் எனக்கும் அவனுக்கும் ஆளுக்குப் பாதி.