பந்தைத் தட்டாத அணி

மர்பி டவுன், பெங்களூரு
7 ஜூலை 2025

அன்புள்ள தீபிகாவுக்கு,

நம் கல்லூரி நிர்வாகக் குழு பலமுறை கூடி, ஒவ்வொரு முறையும் தேநீர் அருந்தி, ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. இனிக் கூடைப்பந்துத் தளத்தில் பந்தைத் தரையில் தட்டக் கூடாது. பக்கத்துக் கட்டடத்தில் கம்பெனிக்காரர்கள் ஆன்லைனில் நேர்காணல் நடத்துகிறார்கள். பந்துச் சத்தம் மாணவர்களின் எதிர்காலத்தைக் கெடுக்கிறதாம். விளையாட்டைத் தடை செய்யவில்லை என்று செயலாளர் அச்யுத் அழுத்திச் சொன்னார். "ஆடுங்க மாஸ்டர், யார் வேணாம்னது? சத்தம் மட்டும் வேணாம்."

நீ தலைவியாக இருந்தபோது தொடர்ந்து மூன்று ஆண்டு வென்ற பல்கலைக்கழகக் கோப்பை முதல்வர் அறையில் பத்திரமாக இருக்கிறது. மழைக்காலத்தில் அதில் குடை வைக்கிறார்கள்.

இப்போதைய தலைவி வீணா, உங்கள் தெரு ரத்தினம்மாளின் மகள். உன்னைப் போலவே விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவள். அணி இருக்கும்வரைதான் அவளுக்குப் படிப்பு இலவசம். விஷயத்தைச் சொன்னேன். "தட்டாம எப்டி மாஸ்டர்? தலையில வெச்சுட்டு ஓடறதா?" என்றாள்.

ஏதாவது தோன்றினால் எழுது.

அன்புடன்,
அலெக்சாண்டர்

சிங்கப்பூர்
24 ஜூலை 2025

மதிப்பிற்குரிய மாஸ்டருக்கு,

படித்ததும் சிரித்தேன். இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை.

நான் தலைவியான முதலாண்டு மழையில் தளம் முழுக்கத் தண்ணீர் நின்றதே, நினைவிருக்கிறதா? பந்து எழும்பவே இல்லை. "தரையில பட்டா வெளிய போ" என்று கத்திக்கொண்டே எங்களைக் கைமாற்றி ஆட வைத்தீர்கள். அந்த ஆண்டுதான் முதல் கோப்பை. வீணாவுக்கும் அதையே கொடுங்கள். ஜெயித்து வந்த அணியை யாரால் என்ன செய்ய முடியும்?

ரத்தினம்மாள் அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் மூட்டுவலியைப் பற்றி எழுதவே இல்லை. டாக்டரிடம் போகவில்லை என்று புரிந்துகொண்டேன்.

உங்கள்
தீபிகா

மர்பி டவுன்
11 செப்டம்பர் 2025

அன்புள்ள தீபிகாவுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். பெண்கள் பேசாமல், தட்டாமல், கண்ஜாடையிலேயே பந்தை மாற்றிக்கொள்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் துக்க வீட்டில் பாத்திரம் கைமாறுவது போலிருக்கும். சனிக்கிழமை பல்கலைக்கழகக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரணி தட்டிக்கொண்டு ஓடிவருவதற்குள் நம் பந்து கூடைக்குப் போய்விடும். வென்றோம். வீணா என் தொப்பியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு இன்னும் திருப்பித் தரவில்லை.

அச்யுத் வந்திருந்தார். "பந்து தரையில படவே இல்லையே மாஸ்டர்! நிஜமாவே தேவைப்படலையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "தேவைப்படலை சார்" என்றேன், பெருமையாக. அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

திங்களன்று ஒருவர் டேப்போடு வந்து தளத்தை அளந்தார். "என்னப்பா அளக்கறே?" "சும்னே சார், சும்மாதான். ஆபீஸ்ல சொன்னாங்க." மறுநாள் தளத்தில் புதிய வெள்ளைக் கோடுகள், எல்லாம் சாய்வாக. பெண்கள் தங்களுக்காகத்தான் என்று மகிழ்ந்தார்கள். கூடைப்பந்தில் சாய்கோடு கிடையாது என்று நான் சொல்லவில்லை.

முன்னாள் தலைவி என்ற முறையில் நிர்வாகத்துக்கு நீ ஒரு வார்த்தை எழுதினால் நல்லது. உன் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது.

அன்புடன்,
அலெக்சாண்டர்

சிங்கப்பூர்
20 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய மாஸ்டருக்கு,

அச்யுத் சாருக்கு எழுதிவிட்டேன். வஞ்சனையில்லாமல் புகழ்ந்திருக்கிறேன். "வெள்ளம் நின்ற தளத்திலும் வென்றோம், சத்தமில்லாமலும் வென்றோம், எதைப் பறித்தாலும் இந்த அணி வெல்லும்" என்று முடித்தேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

அன்றே பதில் வந்தது. "மிகவும் பயனுள்ள கடிதம்" என்கிறார். பயனுள்ள என்றால்? அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் கோடுகள் மாஸ்டர், இரண்டுக்கும் நடுவே எவ்வளவு அகலம்? உடனே எழுதுங்கள்.

உங்கள்
தீபிகா

மர்பி டவுன்
3 நவம்பர் 2025

தீபிகாவுக்கு,

உன் கடிதத்தைக் குழுவில் வாசித்தார்கள். கைதட்டினார்கள். எதைப் பறித்தாலும் வெல்லும் அணிக்குத் தளம் அவசியமில்லை என்று முன்னாள் தலைவியே சொல்லிவிட்டதால் விவாதம் தேவைப்படவில்லை. மாடி வராந்தாவில் பயிற்சி செய்துகொள்ள எங்களுக்கு அனுமதி உண்டு. சொந்தத் தளம் இல்லாத கல்லூரியைப் போட்டியில் சேர்ப்பதில்லை என்பது பல்கலைக்கழக விதி. அதையும் குழுவில் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள்.

நீ பொய் எதுவும் எழுதவில்லை. அச்யுத் கேட்டபோது நானும் பொய் சொல்லவில்லை. இருவரும் இதற்குமேல் எழுத என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. பதில் போடச் சிரமப்பட வேண்டாம்.

கோடுகளின் அகலம் கேட்டிருந்தாய். ஒரு கார் நிற்கும். கதவு திறக்கவும் இடம் இருக்கிறது.

வீணா தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். படிப்பை விட்டுப் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். காலை ஷிப்ட்.

அலெக்சாண்டர்