பழைய தெர்மோஸ்டாட்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறது என்று சிரிக்காதே, இடது கையால் எழுதுகிறேன். உன்னிடம் போன் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், அதனால் கடிதம். இதைக் கொண்டுவரும் லாரி டிரைவர் என் நண்பர், கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டு காத்திருக்கிறார். படித்து முடித்ததும் துணிமணியைக் கட்டு. இன்றைக்கே அந்த வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

நேற்று மத்தியானம் உன் புருஷன் வந்தான். மாப்பிள்ளை என்று அவனை இனி எழுத மாட்டேன். மேடு ஏறினால் கொதிக்கிறது என்று பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஹோஸைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது, தெர்மோஸ்டாட் போயிருக்கிறது. எஞ்சின் சூடானால் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட வேண்டிய சின்ன வால்வு, அவ்வளவுதான். "கொஞ்சம் ஆறட்டும், மாத்திடலாம்" என்றேன்.

அவன் ஷட்டரை இறக்கினான். வீல் ஸ்பேனரை எடுத்து முதல் அடியை முழங்காலில் போட்டான். விழுந்தவனை விலாவில் மிதித்தான். "எங்கடா ஒளிச்சு வச்சிருக்க அவள?" என்று ஒரே கேள்வி. தெரியாது என்றேன். ஒவ்வொரு தெரியாதுக்கும் ஒரு அடி. முன்பல் ஒன்று போய்விட்டது. கடைசியில் என் வலது கையை பானெட்டுக்குள் இழுத்து, எஞ்சினை ஒட்டிய சைலன்சர் பைப்பில் வைத்து அழுத்தினான். என் தோல் கருகும் வாசனை எனக்கே வந்தது.

சொல்லிவிட்டேன், தங்கச்சி. தெரு, மாடி, பச்சைக் கதவு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உயிரே போனாலும் வாய் திறக்க மாட்டேன் என்று உன்னிடம் வீரம் பேசியவன், ஒரு கை வெந்ததற்கே சொல்லிவிட்டேன். நீ எப்படித் திட்டினாலும் தகும்.

அவன் சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டு, "இப்ப வண்டிய ரெடி பண்ணு. இன்னிக்கே அவள முடிச்சிட்டுத்தான் மறுவேலை" என்றான்.

ஒரு கையால் வேலை பார்த்தேன். தண்ணீரை வடித்து, போல்ட்டுகளைக் கழற்றி, பழையதை வெளியே எடுத்தேன். அது நகக்கண் அளவுதான் திறக்கும், சமதரையில் தாங்கும், மேட்டில் தாங்காது. உன் பக்கம் வர மலையைத் தாண்டித்தானே ஆக வேண்டும். கழற்றிய பாகத்தை வண்டிக்காரர் கையில் கொடுப்பது நம் பட்டறை வழக்கம், உனக்குத் தெரியும். குனிந்த மறைவில் புதியதை எடுத்துக் கழிவு ஆயிலில் புரட்டி, இதுதான் பழையது என்று அவனிடம் நீட்டினேன். "இந்தச் சனியனா இவ்ளோ நாள் படுத்துச்சு?" என்று சாக்கடையில் விட்டெறிந்தான். பழையதைத் துடைத்து அவன் கண்ணெதிரிலேயே திரும்ப மாட்டினேன். இருபது வருடத்தில் தெரிந்தே நான் கெடுத்த வேலை இது ஒன்றுதான்.

கொதிக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்லித்தான் சாவி கொடுப்பேன். அவனிடம் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல.

டிரைவர் இன்று காலையில் வந்து மீதியைச் சொன்னார். பாதி மேட்டில் பிக்கப் புகைந்துகொண்டு நின்றிருக்கிறது. இவர் லாரியை ஓரம் கட்டுவதற்குள் அவன் மூடியைத் திருகிவிட்டான். கொதிநீர் பீய்ச்சி முகம், கழுத்து, மார்பு எல்லாம் வெந்து, சட்டையோடு தோலும் உரிந்து வந்ததாம். இவர்தான் தூக்கிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். அங்கே நர்ஸ் போனைக் காதருகே பிடிக்க, அவன் தன் தம்பியிடம் உன் விலாசத்தைத்தான் சொன்னானாம். பச்சைக் கதவு என்று இரண்டு தடவை சொன்னானாம். தம்பி வெளியூரில் லோடு ஏற்றிக்கொண்டிருக்கிறான், நாளைக் காலையில்தான் உன்னைத் தேடிக் கிளம்புவானாம். அவன் வெந்தான் என்று கேட்டதும் என் வயிறு குளிர்ந்தது. அப்புறம் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

ஆகவே யோசித்துக்கொண்டு நிற்காதே. குட்டியின் புத்தகப் பை, உன் மாத்திரை, இரண்டு போர்வை போதும். பாத்திரம் பண்டம் கிடக்கட்டும். எங்கே இறக்கச் சொல்கிறாயோ அங்கே டிரைவர் இறக்கிவிடுவார். எந்த ஊர் என்று என்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். நீயும் எழுதாதே. யார் போனிலிருந்தும் கூப்பிடாதே. மாமா வேண்டும் என்று குட்டி அழுதாலும் கூப்பிடாதே. இன்னொரு தடவை என்னை அடித்துக் கேட்டால் இன்னொரு தடவையும் சொல்லிவிடுவேன். நான் எவ்வளவு தாங்குவேன் என்று நேற்றுத்தான் தெரிந்தது.

எனக்குத் தெரியாத ஏதோ ஒரு ஊரில், எனக்குத் தெரியாத ஏதோ ஒரு வீட்டில், நீங்கள் இரண்டு பேரும் நூறு வயசு நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்