மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்

ஜூலை 7, செவ்வாய்
வெயில் குறையவே இல்லை. பாப்பாவுக்குச் சளி. நான் தலைவலி மாத்திரையை நிறுத்தி இன்றோடு பதினேழு நாள்.

மாலை வகுப்பு, மண்டபத்து மாடி. ஒன்பது பெண்கள், பாதிப் பேர் நைட்டி, மேலே துண்டு. சீனத்து மெதுவான பயிற்சி. கை தண்ணீருக்குள் போவதுபோல் போக வேண்டுமாம். பின்வரிசையில் ஒருத்தி, "எனக்கு தோசை திருப்புற வேகந்தான் வருது மேடம்!" மேடமே சிரித்துவிட்டார். பிறகு கையில் அக்குபங்சர் ஊசி. எறும்புக்கடி, அவ்வளவுதான்.

எனக்கும் அக்காவுக்கும் ஒரே ஒற்றைத் தலைவலி. முதல் வகுப்பன்று பாப்பாவுக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. அக்காதான் வந்து சொன்னாள்: "மாத்திரைய நிறுத்தினாத்தான் ஊசி கேக்குமாம்டி. மேடம் கண்டிப்பா சொன்னாங்க. நான் நிறுத்திட்டேன்."

ஜூலை 9, வியாழன்
வந்துவிட்டது. இடது கண்ணில் மின்னல் கோடு, வாந்தி. வீட்டுக்காரர் பீங்கான் யூனிட்டில். சூளை ஏற்றும் நாள், போன் எடுக்க மாட்டார். இருட்டறையில் படுத்தேன். கேட்டைச் சாத்தவில்லை.

எவ்வளவு நேரமோ. கோலமாவு விற்கிற அம்மாவின் குரல்: "ஏம்மா, லாரி வர்ற ரோட்ல புள்ளைய வுட்டுட்டு உள்ள என்னா பண்ற?" பாப்பா அவர் இடுப்பில்.

எழுந்து கேட்டைச் சாத்தினேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

ஜூலை 10, வெள்ளி
மேடத்திடம் போனேன். "நான் நிறுத்தச் சொன்னேனா? டாக்டரக் கேக்காம மாத்திரையில கை வைக்காதீங்கன்னு மொத நாளே சொன்னேனே. இந்த ஊசி மாத்திரையோட சேத்துப் போடறது. உங்க அக்கா முன்னாடிதான ஒக்காந்திருந்தாங்க?"

கடலூர் டாக்டருக்கு போன். மறுபடி தொடங்கச் சொன்னார்.

அக்காவுக்கு போன். முதலில் "மறந்துட்டேன்டி." பிறகு அழுகை. அவள் ஒருநாள்கூட நிறுத்தவில்லை. பருப்பு டப்பாவில் ஒளித்துவைத்துப் போடுகிறாளாம்.

"ஆறு வருஷமா புள்ள இல்ல. மாத்திரை தின்னுதான் தங்கலன்னு அத்த சொல்றாங்க. நிறுத்திட்டேன்னேன், நம்பல. எந்தங்கச்சியும் நிறுத்திட்டா, அவளக் கேளுங்கன்னேன். ஒனக்குப் பொய் வராதுன்னு அவங்களுக்குத் தெரியும்."

"அதுக்காக என்ன நெசமாவே நிறுத்த வச்சியா?"

பாப்பா ரோட்டுக்குப் போனதைச் சொன்னேன். போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 12, ஞாயிறு
கேஸ் புக் பண்ண வேண்டும். சளி மருந்து தீர்ந்தது.

மங்கலம்பேட்டை, அக்கா வீடு. போகக் கூடாதென்றுதான் இருந்தேன். அவள் மாமியாரே கூப்பிட்டதால் போனேன்.

உட்காரக்கூட இல்லை. "நீயும் மாத்திரைய வுட்டுட்டியாமே, நெசமா?"

அக்கா காபித் தட்டோடு அப்படியே நின்றாள்.

"ஆமாங்க அத்த. ரெண்டு பேருமே வுட்டாச்சு."

அக்கா முகத்தில் உயிர் வந்தது. அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. காபியைத் தொடாமல் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். வாசல்வரை வந்தவள், பாப்பாவைத் தூக்கக் கை நீட்டினாள். கொடுக்கவில்லை.