அட்டையில எழுதின பேரு

என் வீட்டுக்காரருக்கு கும்பிட்டு எழுதுறேன். சாமி புண்ணியத்துல நல்லா இருக்கேன். உங்க முட்டிவலி தேவலையா? மாத்திரையை மறந்துடாதீங்க.

நான் வேலை பார்க்கிற சலவைக்கூடத்துல எல்லாரும் ஸ்பானிஷ்தான் பேசுறாங்க. வேலை பழகுறவங்களுக்குக் கழுத்து அட்டையில பேர் போட மாட்டாங்க. 'நுவேவா'ன்னு, அதாவது புதுசா வந்தவள்னு எழுதிடுவாங்க. எட்டு மாசமாச்சு, என் அட்டை இன்னும் அதேதான். அவங்க பேசுறது புரியும், ஆனா வாய் ஓயாத எனக்கு இங்கே பேச வர்றது நாலு வார்த்தைதான்.

நேத்து இன்னொருத்தி வேலை பழக வந்தா. வாசல்லயே நின்னுட்டா பாவம். மேஸ்திரியம்மா அட்டையை எடுத்துக்கிட்டு, "இவளும் நுவேவாவா? ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?"ன்னு சிரிச்சாங்க.

"கொம்பான்யேரான்னு போடுங்க"ன்னு சொல்லிட்டேன். கூட வேலை செய்யுறவள்னு அர்த்தம்.

"அடியம்மா, புதுசா வந்தவளுக்கு அவ்வளவு மரியாதையா?"ன்னாங்க. ஆனா எழுதிட்டாங்க. அவ என் கையைப் பிடிச்சவ சாயங்காலம் வரைக்கும் விடலை. என் அட்டையை மாத்தணும்னு யாருக்கும் தோணலை. அதனால என்ன, சிரிப்புதான் வந்துச்சு.

மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கயிறு அனுப்புங்க. அப்படியே, "இந்தா, எங்கே போயிட்டே?"ன்னு கூப்பிடுவீங்களே, அதைப் போன்ல பேசிப் பதிஞ்சு அனுப்புங்க. பேரெல்லாம் சொல்ல வேணாம், அதுவே போதும். பஸ் வந்துருச்சு.

உங்க வீட்டுக்காரி