நாலாவது தடவை கூப்பிட்டால்

என்னங்க,

பக்கத்து அறையிலிருந்துதான் எழுதுகிறேன், சிரிக்காதீர்கள்.

முன்பெல்லாம் அடுப்படியிலிருந்து நான் கத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும். நீங்கள் மட்டும் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வீர்கள். நாலாவது தடவைதான், "என்னையா கூப்பிட்டே?" என்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தைராய்டு கட்டியோடு குரல் நரம்பையும் வெட்டிவிட்டு, "இதெல்லாம் சகஜம்மா" என்றாரே அந்த டாக்டர், அவர்மேல் கேஸ் போடுங்கள், விடாதீர்கள். அவரிடம் போகலாம் என்றது நீங்கள்தான். அதற்காக? கரண்டி சத்தம் கேட்டாலே ஓடிவந்து என் உதட்டையே பார்த்துக்கொண்டு நிற்பதா?

நாளைக் காலையில் பேப்பரை விரியுங்கள். நான் கதவைத் தட்டுவேன். நாலாவது தடவைதான் நிமிர வேண்டும், சொல்லிவிட்டேன்.

உங்கள் வாயாடி